முகம் காணாத வகுப்பு

சாய்ராகான் எஜேயின் குரல் ரயிலடி வரைக்கும் கேட்கும் என்று கிர்கிஸ் நாட்டு ஏரிக்கரை ஊரான பாலிக்ச்சியில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவர் அவளுடைய கணவர் பெய்ஷென்தான். ரயிலடியில் பெட்டி கோக்கும் வேலை அவருக்கு. "நான் அங்க எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு இருப்பேன். இவ இங்க பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுப்பா. எஞ்சின் சத்தத்தையும் மீறி இவ சத்தம் வந்துரும். இந்த வயசுல நான் மறுபடி எழுத்துப் பழகினதே அப்படித்தான்" என்று விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைப்பார். மனைவியை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. வீட்டிலும் வெளியிலும் "டீச்சரம்மா"தான்.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு எப்போதும் ஒன்றாம் வகுப்புதான். மேல் வகுப்பு தருகிறோம் என்று தலைமையாசிரியர் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தார். "எழுத்துத் தெரியாம வர்ற பிள்ளையக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையைப் பிடித்து எழுதப் பழகியவர்கள். தாடி வைத்த ஆம்பிளைகள் கூடச் சந்தையில் அவளைக் கண்டால் "எஜே" என்று, அக்காவையும் டீச்சரையும் மரியாதையாகக் கூப்பிடும் அந்தச் சொல்லோடு, நெஞ்சில் கைவைத்துத் தலை குனிவார்கள்.

கொரோனா வந்த வருஷம், ஜூலை மாதம், பெய்ஷெனுக்கு இருமல் வந்தது. ஆஸ்பத்திரியில் இடமில்லை. ஊர்ப் பிள்ளைகள் கூடி, பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில்களைப் போட்டு, எங்கிருந்தோ ஆக்சிஜன் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்கு நேர்கீழே அவருக்குக் கட்டில் கிடைத்தது. உள்ளே யாரையும் விடவில்லை. சாய்ராகான் வெளியே ஜன்னலோரம் நின்றாள். அவர் ஒருமுறை அவள் பக்கம் திரும்பினார். மூக்கையும் வாயையும் மூடியிருந்த ஆக்சிஜன் மூடி மூச்சில் வெளுத்துப் போயிருந்தது. அதற்குள்ளே உதடுகள் அசைந்தன. என்னவோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள், புரிந்ததுபோல. மறுநாள் விடியும்போது அவர் இல்லை.

சாவு வீட்டுக்கென்று கூடாரம் போடவில்லை. பெண்கள் கூடி ஒப்பாரி வைக்கவில்லை. வெள்ளை உடுப்பு மாட்டிய நாலு பேர் அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அவள் வீட்டுக்கு வந்து, அவர் தொப்பி தொங்கிய ஆணியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். என்ன சொல்லியிருப்பார்? தண்ணீர் கேட்டிருப்பாரோ? வீட்டுக்குக் கூட்டிப் போ என்றிருப்பாரோ? அல்லது, எப்போதும்போல வெறுமனே "டீச்சரம்மா" என்று கூப்பிட்டிருப்பாரோ? அதுதான் என்றால் அவள் ஏன் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்?

செப்டம்பரில் பள்ளி திறந்தது. மற்ற வகுப்புகளுக்கெல்லாம் கைபேசியில் பாடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் நேரில் வரவேண்டும். அவ்வளவு பெரிய கட்டடத்தில் குட்டிப் பிள்ளைகள் மட்டும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு, முதுகை மறைக்கும் பைகளோடு தாழ்வாரத்தில் நடந்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தைக் கழுவிப் பூட்டியிருந்தார்கள். சாய்ராகான் அந்தப் பக்கம் போகவேயில்லை.

வகுப்பில் அவள் கறாராக இருந்தாள். கவசம் மூக்குக்குக் கீழே இறங்கினால் பாடம் நின்றுவிடும். பக்கத்து வகுப்பு டீச்சர் சின்னப்பெண், பிள்ளைகள் கெஞ்சினால் விட்டுவிடுவாள். அதனால் பெற்றோர் பலருக்கு மனத்தாங்கல். அங்கே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, இங்கே பிள்ளைகள் ஊமைக் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பு முற்றிப்போய், ஒருநாள் ஊரார் ஐயா என்பதுபோல "அகாய்" என்று கூப்பிடும் தலைமையாசிரியர் ஒமோர் எல்லாரையும் பள்ளி முற்றத்தில் கூட்டினார்.

அன்று ஏரிக்காற்று ஆளைத் தள்ளியது. ஒமோர் அகாய் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் எல்லாரையும் தள்ளித் தள்ளி நிற்கச் சொன்னார். முதலில் வாயைத் திறந்தவன் குபத். தலைநகர் பிஷ்கெக்குக்கு ஆள் ஏற்றி வேன் ஓட்டுகிறவன். பல வருஷம் மாஸ்கோவில் இருந்துவிட்டு, வசந்தத்தில் மகளோடு ஊரைப் பார்க்க வந்தவன், எல்லை மூடியதில் இங்கேயே மாட்டிக்கொண்டான். மனைவி அங்கே, மகள் எல்தானா இங்கே. குழந்தை ரஷ்ய மொழியிலேயே வளர்ந்தவள்.

"எஜே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் குபத். "நேத்து சாயங்காலம் என் பொண்ணு வந்து, 'அப்பா, குளிருது, பசுவுக்குப் போகலாம்'ங்குறா. வீட்டுக்குப் போகலாம்னு சொல்றாளாம்! எங்க வீட்ல பசுவே கிடையாது!"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கிர்கிஸ் பேசுகிறவர்களுக்கு அது உடனே விளங்கும். தொண்டையிலிருந்து 'ஊய்' என்றால் பசு. அதையே நாக்கை முன்னால் கொண்டுவந்து, சூடான தேநீரை ஊதுவதுபோல உதட்டைக் குவித்துச் சொன்னால் வீடு. வாயைப் பார்க்காமல் அதைப் பிடிப்பது கஷ்டம்தான்.

"சிரிக்காதீங்க" என்றாள் புருல் என்ற ஒரு தாய். "என் மாமனாருக்கு எம்பது வயசு. என் பையன் பள்ளிக்கூடம் விட்டா நேரா அவர் மடியிலதான் ஏறுவான். அவருக்கு ஒண்ணுன்னா நீ வந்து பதில் சொல்லுவியா, குபத்?"

"உன் மாமனார் சந்தைக்குப் பின்னால மாஸ்க்கே இல்லாம சீட்டாடிட்டு இருக்கார், போ! வேன்ல போறப்போ தினம் பாக்கறேன். போன வாரம் ஜெயிச்சுட்டு என்னைப் பாத்துக் கையாட்டினார்!"

மறுபடி சிரிப்பு. புருலுக்கு முகம் சிவந்தது. சாய்ராகான் முன்னால் வந்தாள்.

"கிளாசுக்குள்ள யாரும் மாஸ்க்கைக் கழட்ட மாட்டாங்க. நானும் கழட்ட மாட்டேன். எழுத்தை இன்னைக்கு விட்டா நாளைக்குப் பிடிக்கலாம்."

"எப்படிப் பிடிக்கிறது? நீங்க சாக்குமூட்டைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு! ரயிலடி வரைக்கும் கேக்குற குரலாமே, கடைசி பெஞ்சு வரைக்கும் வரலியே!"

"வர்ற அளவுக்குப் பேசுறேன். நீ பொண்ணை முன்னால உக்கார வை."

"எஜே..." குபத் ஒரு மூச்சு விட்டான். பிறகு, சொல்லியிருக்கக் கூடாததைச் சொல்லிவிட்டான். "உங்க வீட்டுக்காரர் போனது விதி. அதுக்காக எங்க பிள்ளைங்க வாயையெல்லாம் கட்டி வெச்சா ஆச்சா?"

"முதல்ல இவன் வாய்க்குப் போடணும் மாஸ்க்கு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒமோர் அகாய் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

சாய்ராகான் கையை நீட்டி உடற்பயிற்சிக் கூடத்து ஜன்னலைக் காட்டினாள். "அவர் அங்கதான் படுத்திருந்தார், தம்பி. அந்த வளையத்துக்குக் கீழ. நீ விதின்னு சொல்லிக்கோ. இந்தக் கட்டடத்துக்குள்ள அதை நான் இன்னொரு தடவை பாக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது. மறுநாள் எல்தானா வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு தாய் தன் மகனைப் பக்கத்து வகுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

முதலில் சாய்ராகானுக்குக் கோபம்தான். போனால் போகட்டும் என்றிருந்தாள். ஆனால் கடைசி பெஞ்சில் அந்தக் காலி இடம் கண்ணை உறுத்தியது. அந்தக் குழந்தை எப்படி இருப்பாள் என்று நினைத்துப் பார்த்தாள். கூட்டுப் புருவம் தெரிந்தது, வலது கண்ணோரம் ஒரு மச்சம் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. வரிசையாக மற்றப் பிள்ளைகளை நினைத்தாள். யாருக்குமே கண்ணுக்குக் கீழே முகம் இல்லை. ஒவ்வொரு வருஷமும் இந்த மாதங்களில் பிள்ளைகள் ஓடிவந்து "எஜே, பல்லு விழுந்திருச்சு!" என்று வாயைப் பிளந்து காட்டுவார்கள். ஆடுகிற பல்லை அவள்தான் அசைத்துப் பார்க்க வேண்டும். இந்த வருஷம் ஒரு பல்லைக்கூட அவள் பார்க்கவில்லை. வாசலில் ஒரு சின்னச் சிரிப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போகிற பழக்கம் அவளுக்கு. அது இல்லாமல் இவ்வளவு நாள் எப்படிப் பாடம் நடத்தினோம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் நடக்கப் போனாள். அவர் இருந்தபோது இருவருமாகப் போவார்கள். ஆள் நடமாட்டம் இல்லாததால் முகக்கவசத்தைக் கோட்டுப் பையில் போட்டிருந்தாள். பழைய படகுத்துறையைத் தாண்டினால், கரையில் ஒரு வேன் நின்றது. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குபத் வாளியில் தண்ணீர் அள்ளி அதைக் கழுவிக்கொண்டிருந்தான். எல்தானா கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் குழந்தை நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"எல்தானா, நல்லாருக்கியாம்மா?" என்றாள் சாய்ராகான்.

குழந்தை இரண்டு அடி பின்னால் போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஒரு கிழவி தன் பெயரைச் சொல்கிறாளே என்ற பயம் முகத்தில் தெரிந்தது. சாய்ராகான் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள்.

"எஜே!" என்று கத்தினாள் குழந்தை. ஓடிவந்து அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

குபத் வாளியைக் கீழே வைத்தான். கைகளைக் கால்சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான். "எஜே, அன்னைக்கு நான் பேசினது... என் நாக்குல புழு விழணும்."

"விழ வேண்டாம். வேன் ஓட்டணுமே, பிஷ்கெக் பிஷ்கெக்னு கூவ நாக்கு வேணும்" என்றாள் அவள். அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வேன் படியில் உட்கார்ந்து அவன் சொன்னான். மனைவி ஜாஸ்குலுக்கு மாஸ்கோவில் ஒரு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. கொரோனா வார்டு. வேலை நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் கைபேசியில் கூப்பிட முடியும், அப்போது அந்தக் கவச உடுப்பைக் கழற்ற விடமாட்டார்கள். "இவளுக்கு அவ அம்மா முகமே மறந்துட்டு வருது, எஜே. போன வாரம் கேக்குறா, அம்மாவுக்கு வாய் இருக்கான்னு. பள்ளிக்கூடத்துலயும் வாயில்லாத டீச்சர். வீட்லயும் வாயில்லாத அம்மா. அந்த ஆத்தாமையில என்னென்னவோ பேசிட்டேன்."

சாய்ராகான் சற்றுத் தள்ளிப்போய், காற்று தன் முகத்தில் அடிக்கும்படி நின்று, முகக்கவசத்தை இறக்கினாள். "எல்தானா, இங்க பாரு. நான்தான். வீடு சொல்லு பாப்போம்."

குழந்தை சொன்னாள். பசுதான் வந்தது. சாய்ராகான் குனிந்து பார்த்தாள். குழந்தையின் மேல்வரிசையில் முன்பல் இரண்டும் இல்லை. அந்த ஓட்டை தெரியக்கூடாதென்று உதட்டை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டுதான் பேசினாள். அப்படிப் பேசினால் எந்த எழுத்து ஒழுங்காக வரும்?

"அடியே! பல்லு எப்ப விழுந்துச்சு? என்கிட்ட ஏன் காட்டல?"

"மாஸ்க்கு போட்டிருந்தேன்ல" என்றாள் குழந்தை.

சாய்ராகான் சிரித்தாள். ஜூலைக்கப்புறம் வந்த முதல் சிரிப்பு அது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போய்விட்டது. காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை நாளாக இந்தப் பிள்ளையைக் கவனமில்லாதவள் என்று நினைத்திருந்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு இருவரும் ஏரியைப் பார்த்து உதட்டைக் குவித்து ஊதினார்கள். "சூடா தேநீர். ஊது. இன்னும் ஊது. இப்ப சொல்லு." மாலை வெயில் இறங்குவதற்குள் ஒருமுறை வீடு வந்தது, அடுத்ததில் மறுபடி பசு வந்தது.

திங்கட்கிழமை அவள் ஒமோர் அகாயிடம் போய், எழுத்து வகுப்பை மட்டும் முற்றத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். வெளியே தள்ளித் தள்ளி உட்கார்ந்து, கவசம் இல்லாமல். உள்ளே வந்தால் கவசத்தோடு. அவர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். இப்போது பெற்றோர் வேறு சண்டையோடு வந்தார்கள். காற்றில் உட்கார்ந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்காதா? மாஸ்க் வேண்டாம் என்று குபத்தோடு சேர்ந்து கத்தியவர்களேதான் இதற்கும் கத்தினார்கள்.

"ஏம்பா, உள்ள இருந்தா மூச்சு முட்டுது, வெளிய வந்தா காத்தடிக்குது. பிள்ளைகளைப் பெட்டியில வெச்சுப் பூட்டிருங்க" என்றாள் புருல்.

குபத் மறுநாள் காலை, பிஷ்கெக் சவாரிக்குப் போகுமுன், வேனைக் கொண்டுவந்து முற்றத்தில் காற்றுக்குக் குறுக்கே நிறுத்தினான். அதன் மறைவில் கம்பளம் விரித்துப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வேனுக்குக் காத்திருந்த பயணிகள், எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகளைத் தின்றபடி, பிள்ளைகளோடு சேர்ந்து எழுத்துச் சொன்னார்கள். கவசத்தைக் கழற்றியதும் அந்தப் பிள்ளைகள் ஒருவரையொருவர் வாயைப் பிளந்து பார்த்ததை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். ஒருவன் கன்னத்தில் குழி விழுந்தது. ஒருத்திக்கு அப்படியே அவள் தாயின் முகவாய். அந்தத் தாயும் இவளிடம் படித்தவள்தான். அந்த இலையுதிர் காலத்தில் எல்லாப் பல்லையும் அவள் அசைத்துப் பார்த்துவிட்டாள், கையைக் கழுவிக் கழுவி.

நவம்பரில் தரை இறுகியது. பிள்ளைகளை இனி வெளியே உட்கார வைக்க முடியாது. இன்னும் சில எழுத்துகள் பாக்கி இருந்தன. சாய்ராகான் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு, பெய்ஷெனின் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தான் வெளியே போனாள். வகுப்பு தரைத்தளத்தில்தான் இருந்தது. பனியில் ஜன்னலுக்கு முன்னால் நின்று, கவசத்தை இறக்கி, வாயைக் காட்டிக் கத்தினாள். உள்ளே பிள்ளைகள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து, தங்கள் கவசத்தை இறக்கி, கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் பின்சுவரோரம் காத்திருப்பார்கள்.

"பைத்தியமா உங்களுக்கு?" என்றார் ஒமோர் அகாய்.

"இருக்கலாம், அகாய். கதவைச் சாத்துங்க, பிள்ளைகளுக்குக் குளிரும்."

எல்தானாவின் முறை வந்தது. குழந்தை மூக்கு கண்ணாடியில் படும்படி நின்று என்னவோ சொன்னாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்துவிட்டது. அந்த வெளுப்புக்குப் பின்னால் உதடுகள் அசைவது மங்கலாகத் தெரிந்தது. சாய்ராகானுக்குக் கால் பனியிலேயே ஊன்றிப்போயிற்று. அன்றைக்கும் இப்படித்தான். அவள் தலையை ஆட்டப்போனாள், ஆட்டவில்லை. விரலால் கண்ணாடியைத் தட்டினாள்.

"கேக்கல! கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி சொல்லு!"

குழந்தை கம்பளிச் சட்டையின் கையால் துடைத்தாள். மறுபடி சொன்னாள். வீடு. உதடு குவிந்து, சரியாக, வீடு. சாய்ராகான் அதை இன்னும் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். குழந்தை, தப்பாகச் சொல்கிறோமோ என்று புருவத்தைச் சுருக்கியபடி சொன்னாள். அன்று முழுக்க ஒரே எண்ணம்தான் அவளுக்கு. ஜூலையிலும் கண்ணாடியைத் தட்டி, மறுபடி சொல்லுங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருப்பார். சொல்வதற்கு அவருக்கு மூச்சு இருந்ததோ என்னவோ.

குளிர்காலம் போயிற்று. அந்த வகுப்பில் நோய் வந்ததா என்றால், இரண்டு பிள்ளைகளுக்கு வந்தது, வீட்டிலிருந்து வந்தது என்றார்கள், பள்ளியிலிருந்துதான் என்றும் சிலர் சொன்னார்கள். அந்த வாக்குவாதம் இன்றைக்கும் தீரவில்லை. புருலின் மாமனார் சீட்டாட்டத்தோடு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினார். பக்கத்து வகுப்புக்குப் போன பையன் போனவன்தான், திரும்பி வரவில்லை. அவன் தாய் சந்தையில் சாய்ராகானைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பாள்.

மே மாதத்தில் எழுத்துப் புத்தகம் முடிந்த கொண்டாட்டம் முற்றத்தில் நடந்தது. எல்தானா ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்தாள். முடிந்ததும் குபத் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"எஜே, வழி திறந்துட்டாங்க. ஜாஸ்குல் இங்க வருவான்னுதான் பாத்தேன். வேலையை விட்டா மறுபடி கிடைக்காதாம். நாங்க போறோம்."

"எப்ப?"

"இந்த வாரத்துல."

"ரஷ்ய ஸ்கூல்ல சேத்தா இதெல்லாம் மறந்துருவாளே, தம்பி."

"மறக்க விடமாட்டேன்" என்றான் அவன். மறந்துவிடுவாள் என்பது இருவருக்குமே தெரியும்.

ஜூன் கடைசியில் ஒரு சாயங்காலம் கைபேசி அடித்தது. படத்தில் ஒரு இளம்பெண். மூக்கின் மேல் இரண்டு பக்கமும் கவசம் அழுத்திய தடம் மாறாமல் இருந்தது. அந்தப் புருவம் தெரிந்த புருவம்.

"எஜே, நான் ஜாஸ்குல். எல்தானாவோட அம்மா. இன்னைக்குத்தான் எனக்கு லீவு. உங்க முகத்தைப் பாக்கணும்னு இவ ஒரே அடம்."

"உன் முகத்தைப் பாக்கணும்னு அவ எவ்வளவு நாள் அடம் பிடிச்சா தெரியுமா?" என்றாள் சாய்ராகான். ஜாஸ்குல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிறகு எல்தானா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். புதுப் பல் முளைக்கிறது என்று வாயைப் படம் முழுக்கப் பிளந்து காட்டினாள். எட்டாவது மாடியில் இருக்கிறோம், ஏரி இல்லை, ஆனால் ஒரு வாய்க்கால் இருக்கிறது, வாத்து இருக்கிறது என்றாள். ஒரு ரஷ்ய வார்த்தை, ஒரு கிர்கிஸ் வார்த்தை என்று கலந்து கலந்து வந்தது. "எஜே, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தாள்.

படம் அப்படியே நின்றுவிட்டது. குழந்தையின் வாய் பாதி திறந்திருந்தது, கண் இவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்தானா? கேக்கல. மறுபடி சொல்லு" என்றாள் சாய்ராகான். கைபேசியை ஜன்னலோரம் கொண்டுபோனாள். வாசலுக்குக் கொண்டுபோனாள். ரயிலடி வரைக்கும் கேட்கிற அந்தக் குரலில் இன்னொரு முறை கூப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன எஜே, யாரு?"

"என் கிளாசுப் பிள்ளை" என்றாள் அவள். "கொஞ்சம் இரு, வந்துரும்."

வாசற்படியில் உட்கார்ந்து, அந்தச் சின்ன முகத்தை இரண்டு கைகளிலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு, அது அசைவதற்காகக் காத்திருந்தாள்.